ட, ப, ம மூன்றில் தொடங்கலாம்: மழலைக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் முறை

ஒவ்வொரு ஜூன் மாதமும் என் யுகேஜி வகுப்புக்கு, அ முதல் ஃ வரை மூச்சு விடாமல் ஒப்பிக்கும் குழந்தைகள் வருகிறார்கள். கரும்பலகையில் 'படம்' என்று எழுதி, என்னென்ன எழுத்து என்று கேட்டால் "பானா, டானா, இம்" என்று தயங்காமல் சொல்வார்கள். சேர்த்துச் சொல் என்றால் விழிப்பார்கள். வீட்டில் யாரும் குறை வைக்கவில்லை. அட்டை வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கிறார்கள், தினமும் சொல்ல வைத்திருக்கிறார்கள். ஆனால் எழுத்தின் பெயரைச் சொல்வது ஒரு வேலை, எழுத்துக்கூட்டி வாசிப்பது வேறு வேலை. இரண்டாவதை நான்கு வயதுக்கும் ஆறு வயதுக்கும் இடையில், ஒரு நாளைக்குப் பத்து நிமிடம் ஒதுக்கி, வீட்டிலேயே எப்படிக் கொண்டுவருவது என்று என் வகுப்பில் செய்கிறபடியே எழுதுகிறேன். நான் இருப்பது கோவில்பட்டி. எடுத்துக்காட்டுகளும் இங்கிருந்தே வரும். உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

முதலில் காது

எழுத்தைக் காட்டுவதற்கு முன்னால், சொல்லை உடைக்கவும் சேர்க்கவும் காது பழக வேண்டும். இதற்குப் புத்தகமும் வேண்டாம், பென்சிலும் வேண்டாம். நீங்கள் காய் நறுக்கும் நேரம் போதும். தக்காளியை எடுத்து "தக்-கா-ளி" என்று சொல்லி மூன்று முறை கை தட்டுங்கள். கத்தரிக்காய்க்கு நான்கு: கத்-த-ரிக்-காய். வெண்டைக்காய்க்கு மூன்று. முருங்கைக்காய்க்கு எத்தனை என்று குழந்தையே தட்டிப் பார்க்கட்டும்.

இது கைவந்ததும் ஒரு துண்டை எடுத்துவிடும் விளையாட்டுக்குப் போகலாம். "மாமரம் சொல். இப்போது மா-வை விட்டுவிட்டுச் சொல்." மரம். "பால்சோறு. பாலை விட்டுவிடு." சோறு. அடுத்து, பொருள் இல்லாமல் போகும் சொற்கள். "கடல். க-வை விட்டுவிடு." டல்! இங்கே குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சொல்லின் பொருளை ஒதுக்கிவைத்துவிட்டு ஓசையை மட்டும் கேட்க முடிகிறது என்பதற்கு அந்தச் சிரிப்பே சான்று. வாசிப்புக்கு வேண்டிய முதல் திறமை அதுதான்.

நமக்கு எதுகையும் மோனையும் இருக்கின்றன. பெயரைச் சொல்லித்தர வேண்டாம், ஓசை பிடிபட்டால் போதும். நீங்கள் 'சட்டை' என்றால் குழந்தை முட்டை, கட்டை, மட்டை என்று அடுக்க வேண்டும். 'நட்டை' என்று இல்லாத சொல்லைச் சொன்னாலும் மறுக்காதீர்கள். மோனைக்குப் பஸ் பயணம் நல்ல இடம். 'ம' என்று தொடங்கும் சொல்லை ஆளுக்கொன்றாகச் சொல்லிக்கொண்டே போகலாம்: மல்லி, மஞ்சள், மண், மழை.

குறில் நெடில் வேறுபாட்டைக் காதிலேயே தீர்த்துவிட வேண்டும் என்பது என் பிடிவாதம். அதை எழுத்துக்குப் போன பிறகு திருத்துவது பெரிய பாடு. கல், கால். பல், பால். குடை, கூடை. விடு, வீடு. குறிலுக்கு ஒரு சொடக்கு, நெடிலுக்குக் கையை நீட்டி இழுப்பது. (மாத்திரையைக் கண் இமைக்கும் நேரத்தாலும் கை நொடிக்கும் நேரத்தாலும் அளந்தவர்கள் நம் இலக்கணத்தார். சொடக்கு நான் கண்டுபிடித்தது இல்லை.) பிறகு வேண்டுமென்றே மாற்றிச் சொல்லுங்கள்: "தாத்தா முதுகில் ஒரு முட்டையைத் தூக்கிக்கொண்டு போனார்." மூட்டை என்று குழந்தை உங்களைத் திருத்தினால், எழுத்துக்குப் போகலாம்.

எந்த எழுத்தில் தொடங்குவது

அகர வரிசையில் தொடங்கினால் குழந்தை வெகுநாள் சொல்லே பார்க்காமல் இருக்கும். உயிரெழுத்து பன்னிரண்டையும் கற்றுவிட்டாலும், ஆ, ஈ போன்ற ஒன்றிரண்டு ஓரெழுத்துச் சொற்களைத் தவிர வாசிக்க எதுவும் கிடைக்காது. ஏனென்றால் உயிரெழுத்து தனியாக வருவது பெரும்பாலும் சொல்லின் முதலில்தான். மற்ற இடங்களில் அது மெய்யோடு கலந்துவிடுகிறது. அகர வரிசை தெரிய வேண்டும்தான், பாட்டாகப் பாடிக்கொள்ளட்டும். வாசிப்பதற்கு வேறு வரிசை வேண்டும்.

நான் ட, ப, ம மூன்றில் தொடங்குகிறேன். ட-வும் ப-வும் நேர்கோடுகளால் ஆனவை, கண்ணில் எளிதில் நிற்கும். மூன்றும் வாயில் வெவ்வேறாக ஒலிக்கும். இவற்றோடு புள்ளியையும் சேர்த்துக் கொடுத்துவிட்டால், அந்த வாரமே படம், பட்டம், மடம், மட்டம் என்று வாசிக்கலாம். மூன்று எழுத்து தெரிந்த குழந்தை 'பட்டம்' என்று வாசித்துவிட்டு, மேலே பறக்கும் பட்டத்தைக் கையால் காட்டும்போது வருகிற தெளிவு, எழுத்து அட்டை முழுவதையும் ஒப்பித்தாலும் வராது.

அடுத்து க, ல, ர, வ, த. வாரத்துக்கு இரண்டு எழுத்து, மிஞ்சினால் மூன்று. ஒவ்வொன்று சேரும்போதும் கையிலிருக்கும் சொற்கள் பெருகும்: கடல், மரம், வட்டம், கட்டம், தடம், பல், கல். பிறகு அ என்ற ஓர் உயிரெழுத்தும் கால் என்ற ஒரு துணைக்குறியும். இவை இரண்டும் வந்ததும் வீட்டில் உள்ளவர்கள் எல்லாரும் பலகைக்கு வந்துவிடுவார்கள்: அப்பா, அம்மா, அக்கா, தாத்தா, மாமா, பாப்பா. பாட்டி, தம்பி, அத்தை மூவரும் கொஞ்சம் காத்திருக்க வேண்டும். "பாட்டி எப்போது வருவாள்?" என்று குழந்தை கேட்டால், இகரக் குறியான மேல்விலங்கைக் கற்றுக்கொள்ள அதுவே சரியான நாள்.

குழப்பும் எழுத்துகளை ஒரே வாரத்தில் கொடுக்காதீர்கள். ந, ன, ண மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வேறுபாடு காட்டுவது பெரியவர்களுக்குப் பிடித்த பாடம், குழந்தைக்கு அது மூட்டம். ன-வை முதலில் கொடுத்து அது நன்றாகப் படிந்த பிறகு ண, அப்புறம் ந. ல, ள, ழ மூன்றுக்கும் ர, ற இரண்டுக்கும் இதே வழிதான். ப நன்றாகப் பதியும்வரை ய வேண்டாம். ங வரிசையை மொத்தமாகத் தள்ளிப்போடலாம். குழந்தைப் புத்தகத்தில் 'ங்' மட்டும்தான் வரும், அதுவும் பெரும்பாலும் க வரிசைக்கு முன்னால்: தங்கம், சங்கு, மாங்காய். ஔகாரத்துக்கும் அவசரம் இல்லை. 247 என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை.

புள்ளி வைத்த எழுத்து

எழுத்துக்கூட்டுவதில் முக்கால்வாசிக் குழந்தைகள் தடுக்கி விழும் இடம் இதுதான். ம்-ஐ 'இம்' என்று சொல்லிக்கொடுக்கிறோம். அந்த இ வெறும் முட்டு, தனியாகச் சொல்ல வசதியாக முன்னால் வைத்தது. குழந்தைக்கு அது தெரியாது. ப, ட, இம் என்று சொல்லி, சேர்த்தால் 'படயிம்' என்று வாசிக்கும். நாம் தலையில் அடித்துக்கொள்வோம். உண்மையில் குழந்தை நாம் சொன்னதைத்தான் சரியாகச் சேர்த்திருக்கிறது.

என் வகுப்பில் ஒரு விதி வைத்திருக்கிறேன்: புள்ளி வைத்த எழுத்து தனியாக நிற்காது, முன்னால் இருப்பவரின் கையைப் பிடித்துக்கொள்ளும். பட்டம் என்று எழுதி, 'பட்' என்பதன் கீழே ஒரு வளைவு, 'டம்' என்பதன் கீழே ஒரு வளைவு போடுகிறேன். விரலை வளைவின் மேல் இழுத்துக்கொண்டே 'பட்', மறுபடியும் இழுத்து 'டம்'. மூன்றாவது இழுப்பில் இரண்டு வளைவையும் நிறுத்தாமல் கடந்தால் 'பட்டம்'. விரல் நிற்கக் கூடாது, அதுதான் முக்கியம். விரல் எழுத்துக்கு எழுத்து குத்திக்கொண்டு போனால் வாயும் குத்திக் குத்தித்தான் வாசிக்கும். சில நாளில் வளைவை நீங்கள் போட வேண்டியிருக்காது. புள்ளியைத் தேடிப் பிடித்துக் குழந்தையே போடும். முன்பு காய்கறிக்குக் கைதட்டிய பழக்கம் இங்கே கைகொடுக்கும். தக்-கா-ளி என்று தட்டிய அதே துண்டுகள்தான் இப்போது பலகையில் வளைவுகளாக நிற்கின்றன.

எழுத்தின் பெயரைச் சொல்லும்போதும் பானா, டானா வேண்டாம். ப, ட என்று ஓசையை மட்டும் சொல்லுங்கள். தாத்தா பாட்டி வழக்கத்தில் ஆனா, ஆவன்னா என்று சொன்னால் சண்டைக்குப் போக வேண்டாம். வாசிக்கும் பத்து நிமிடத்தில் மட்டும் ஓசை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் எதிர்பார்த்திருங்கள். ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப ஓசை மாறும். காகம் என்ற சொல்லின் முதல் க வல்லென்று ஒலிக்கும், இரண்டாவது மென்மையாகும். பந்து என்ற சொல்லின் து வேறு, பத்து என்ற சொல்லின் து வேறு. குழந்தை 'காக்கம்' என்று வாசித்தால் உடனே தவறு என்று சொல்லாதீர்கள். "அப்படி ஒரு பறவை இருக்கிறதா?" என்று கேளுங்கள். சட்டென்று காகம் என்று வந்துவிடும். தெரிந்த சொல்லாக இருந்தால் வாய் தானே சரிசெய்துகொள்ளும், தெரியாத சொல்லாக இருந்தால் வழியே இல்லை. அதனால்தான் பேச்சும் கதையும் நிறைய வேண்டும். சொல்வளம் இல்லாத குழந்தைக்கு எழுத்துக்கூட்டுவது வெறும் ஓசைதான்.

காலும் கொம்பும்

துணைக்கால் எளிது. தடித்த அட்டையில் ஒரு காலை வெட்டி எடுத்து ப-வுக்கு வலப்பக்கம் வைத்தால் பா, நகர்த்தி ம-வுக்குப் பக்கத்தில் வைத்தால் மா. குழந்தையே நகர்த்தட்டும். படம், பாடம் என்று ஒரு கால் வந்து பொருளையே மாற்றுவதைக் கண்ணால் பார்க்கட்டும். மேல்விலங்கில் டி, டீ இரண்டையும் தனியாகக் காட்டுங்கள், அவை மற்றவற்றைப் போல இருக்காது. டீக்கடைப் பலகை அதற்கு நல்ல பாடம்.

உகர வரிசைக்குப் பொறுமை வேண்டும். ஒரே ஓசைக்குப் பல வடிவம். கு, டு, மு, ரு, ழு, ளு ஒரு கூட்டம். சு, பு, யு, வு ஒரு கூட்டம். து, நு, லு, று, னு, ணு ஒரு கூட்டம். கூட்டம் கூட்டமாகக் கொடுத்தால் மூன்றே வடிவம்தான். க வரிசையிலிருந்து நேராக இறங்கினால் எல்லாம் கலந்துவிடும்.

ஒற்றைக்கொம்பும் இரட்டைக்கொம்பும்தான் கண்ணுக்குச் சோதனை. எழுதும்போது கொம்பு முன்னால் நிற்கிறது, சொல்லும்போது அதன் ஓசை பின்னால் வருகிறது. இடமிருந்து வலமாகப் பார் என்று அதுவரை நாம்தானே சொன்னோம்? 'மேகம்' என்ற சொல்லில் கொம்பைப் பார்த்ததும் குழந்தை வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கும், எதைச் சொல்வது என்று தெரியாது. ஒரு தபால் அட்டையின் நடுவே சிறிய சன்னல் வெட்டி, 'மே' இரண்டும் சேர்ந்து தெரியும்படி சொல்லின் மேல் வையுங்கள். கொம்பு தனியாகக் கண்ணில் படக் கூடாது. "கொம்பைப் பார்த்தால் பேசாதே, பக்கத்து எழுத்தையும் பார்த்துவிட்டுப் பேசு" என்பது எங்கள் வகுப்பு வாசகம். அடுத்து சன்னலைப் பெரிதாக்கினால் கொம்பும் எழுத்தும் காலும் மூன்றும் சேர்ந்து தெரியும். மோர், தோசை, கொக்கு.

ஐகாரத்தில் ஒரு எச்சரிக்கை. 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோதுதான் லை, னை, ணை, ளை ஆகியவையும் றா, னா, ணா போன்றவையும் இன்றைய வடிவத்துக்கு வந்தன. பழைய வடிவில் எழுதிப் பழகிய பெரியவர்கள் வீட்டில் இருந்தால், பலகையில் அவர்கள் எழுதும் லை குழந்தைக்குப் புதிய எழுத்தாகத் தெரியும். ஆரம்ப மாதங்களில் அச்செழுத்தையே காட்டுங்கள். தாத்தாவின் பழைய எழுத்தை ஒரு வருடம் கழித்துக் காட்டினால் புதையல்போல் பார்ப்பார்கள்.

பேச்சும் புத்தகமும்

குழந்தை 'தண்ணி' என்று பேசும், புத்தகத்தில் 'தண்ணீர்' என்று இருக்கும். 'வாழப்பழம்' என்று கேட்கும், புத்தகத்தில் 'வாழைப்பழம்'. 'போறான்' என்று சொல்லும் வாய் 'போகிறான்' என்று வாசிக்க வேண்டும். இந்த இடைவெளியைக் கடக்க ஒரே வழி, எழுத்து தெரிவதற்கு முன்பிருந்தே புத்தகத் தமிழைக் காதில் விழவைப்பது. இரவில் கதைப்புத்தகத்தை எடுத்தால் அதில் உள்ளதை உள்ளபடியே வாசித்துக் காட்டுங்கள், பிறகு அதைப் பற்றி வீட்டுப் பேச்சில் பேசுங்கள். இரண்டும் வேண்டும். குழந்தை 'தண்ணீர்' என்ற இடத்தில் 'தண்ணி' என்று வாசித்தால், பொருள் புரிந்துவிட்டது என்று முதலில் மகிழுங்கள். பிறகு விரலை கடைசி எழுத்தின் கீழே வைத்து, "இங்கே இன்னும் ஒருவர் நிற்கிறாரே" என்று காட்டினால் போதும்.

எங்கள் தென்மாவட்டங்களில் பழம் என்பதைப் பளம் என்று சொல்லும் வீடுகள் நிறைய. வாசிக்கும்போது ஒவ்வொரு ழ-வுக்கும் நிறுத்தித் திருத்தினால் கதை செத்துவிடும். ழகரப் பயிற்சியை வேறு நேரத்தில், நாக்கை மடித்து விளையாட்டாகச் செய்யுங்கள்.

வாசித்துக் காட்டும்போது குழந்தை உங்கள் எதிரில் உட்காரக் கூடாது, பக்கத்தில் அல்லது மடியில் உட்கார வேண்டும். எழுத்து அதற்கும் நேராகத் தெரிய வேண்டும். வரியின் கீழே விரல் ஓடட்டும். ஒரே கதையை மறுபடி மறுபடி கேட்டால் சலிக்காதீர்கள். மனப்பாடமாகிவிட்ட வரியில்தான் குழந்தை முதன்முதலாகச் சொல்லையும் ஓசையையும் பொருத்திப் பார்க்கிறது. புத்தகத்துக்குப் பெரிய செலவு ஆகாது. நேஷனல் புக் டிரஸ்ட் படப்புத்தகங்கள் மலிவு. தூலிகா பதிப்பகத்தில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்த புத்தகங்கள் உண்டு. பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ்க் கதைகள் நிலை வாரியாக இலவசமாகக் கிடைக்கின்றன. முதல் நிலையில் பக்கத்துக்கு ஓரிரு வரிதான் இருக்கும், அதிலிருந்து தொடங்குங்கள்.

புத்தகத்துக்கு வெளியேயும் எழுத்து இருக்கிறது. எங்கள் ஊர்க் கடலைமிட்டாய்க்கு 2020-இல் புவிசார் குறியீடு கிடைத்தது, அந்தப் பெருமையோடு பொட்டலத்தையும் வாசிக்க வைக்கிறேன். க, ட, லை தெரிந்தால் 'கடலை' வந்துவிடும். அதே எழுத்துகள் கடலையூர் பஸ்ஸின் பலகையிலும் இருக்கின்றன. பஸ் நிலையத்தில் நிற்கும்போது எட்டயபுரம் பஸ்ஸைக் காட்டுங்கள். பாரதி பிறந்த ஊரின் பெயரில் பு ஒன்றைத் தவிர துணைக்குறியே இல்லை. எட்-ட-ய-பு-ரம் என்று ஒரு யுகேஜி குழந்தை முழுப் பலகையையும் வாசித்துவிட முடியும். சாத்தூரும் கழுகுமலையும் அதற்கு அடுத்த மாதம்.

எழுதுவதைப் பற்றிக் கொஞ்சம்

ஐந்து வயதுக் கைக்குப் பக்கம் பக்கமாக எழுதும் வலு கிடையாது. நான்கு கோடு நோட்டில் ஒரே எழுத்தை ஒரு பக்கம் எழுதவைத்தால் பாதிக்கு மேல் கண் அங்கே இருக்காது. தட்டில் கோலமாவைப் பரப்பி விரலால் எழுதட்டும். திண்ணைப் பள்ளிகளில் மணலில் விரல் வைத்து எழுதியதும் இந்தக் காரணத்தால்தான் பிடிபட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். எழுதும்போது ஓசையை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், அது மட்டும் கட்டாயம்.

பள்ளியில் ஆங்கில எழுத்தும் கூடவே நடக்கும். பயப்பட வேண்டாம். சொல்லைத் துண்டாக்கும் காது இரண்டு மொழிக்கும் பொது. ஆங்கிலத்தில் எழுத்தின் பெயரும் ஓசையும் வேறுவேறு, அதனால் அங்கே கூடுதல் நேரம் பிடிக்கும். தமிழ் முந்திக்கொள்வது இயல்பு.

பக்கத்து வீட்டுக் குழந்தையோடு ஒப்பிட்டு யாரையும் விரட்டாதீர்கள். அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துத்தான் கற்பிக்கிறார்கள். யுகேஜி முடிவதற்குள் சரளமாக வாசித்தாக வேண்டும் என்ற கட்டாயம் எங்கும் இல்லை. ஆனால் அடிக்கடி "என்ன, என்ன" என்று கேட்கிற குழந்தை, சளியும் காதுவலியும் மாறி மாறி வருகிற குழந்தை, புத்தகத்தை மூக்குக்கு அருகில் கொண்டுபோகிற குழந்தை ஆகியோரைக் கண்டிப்பதற்கு முன்னால் காதையும் கண்ணையும் மருத்துவரிடம் காட்டுங்கள். பல நாள் மந்தம் என்று பெயர் வாங்கிய குழந்தைக்குக் காது சரியாகக் கேட்கவில்லை என்று பிறகு தெரியவரும்போது மனம் தாங்காது.

மனப்பாடமா, வாசிப்பா என்று மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். தெரிந்த எழுத்துகளை வைத்து, குழந்தை இதுவரை பார்க்காத சொல் ஒன்றை எழுதுங்கள். படம், மரம், கடல் தெரிந்தவருக்கு 'மடல்'. படத்தைக் காட்டாதீர்கள், முதல் எழுத்தையும் எடுத்துக்கொடுக்காதீர்கள். 'ம-டல்' என்று தானாக வந்தால் அடுத்த எழுத்துக்குப் போகலாம். வரவில்லை என்றால் தடுக்கிய எழுத்து எது என்று குறித்துக்கொண்டு, அந்த எழுத்தோடு மறுநாள் தொடங்குங்கள். அன்றைக்கு அத்தோடு பலகையை மூடிவிட்டு, குழந்தைக்குப் பிடித்த கதையை நீங்கள் வாசித்துக் காட்டுங்கள்.